எக்ஸ்ரே சரியென்றது, மணிக்கட்டு ஒப்பவில்லை

கேள்வி: வயது 36. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அக்காள் மகனின் ஹோவர்போர்டில் (நின்றபடி ஓட்டும் இருசக்கர மின்பலகை) ஏறிய வேகத்தில் பின்பக்கமாக விழுந்து வலது கையை ஊன்றிவிட்டேன். எக்ஸ்ரே பார்த்து, சுளுக்கு என்றார்கள். 12 நாளாகியும் பூட்டில் சாவியைத் திருக முடியவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், எடுக்கலாமா? ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் என் அப்பா, 68 வயது, கடற்கரை நடைபாதையில் செக்வே (நின்றபடி ஓட்டும் இருசக்கர மின்வண்டி) ஓட்ட ஆசைப்படுகிறார். அனுமதிக்கலாமா?

பதில்: வலது கட்டைவிரலை நன்றாக விரித்துப் பின்னுக்கு வளையுங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் தசைநாண்கள் விடைத்து நிற்கும். நடுவில் ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியைக் கொட்டி உறிஞ்சிய இடம் அது. ஆங்கில மருத்துவ நூல்களிலும் அதற்குப் பொடி டப்பா என்றுதான் பெயர்! அந்தக் குழியை மற்றக் கையின் விரலால் அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால், அது சுளுக்கு என்று நான் நம்ப மாட்டேன்.

அந்தக் குழியின் அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு, படகு வடிவிலான சிறு எலும்பு. விழும்போது கையை ஊன்றுகிறவர்களுக்கு, குறிப்பாக இளவயது ஆண்களுக்கு, மணிக்கட்டின் சிறு எலும்புகளில் அடிக்கடி முறிவது இதுதான். மயிரிழை முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு; பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது. பத்துப் பதினான்கு நாள் கழித்து, முறிந்த ஓரம் சற்றே கரைந்த பிறகு, கோடு புலப்படும். ஆகவே இந்த வாரமே மறு எக்ஸ்ரே எடுங்கள். அதிலும் தெரியாமல் வலி மட்டும் இருந்தால் எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் கேளுங்கள். அதுவரை கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை போட்டிருங்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகவே நுழைகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடக்கும். கவனிக்காமல் விட்டால் எலும்பு ஒட்டாது; சில ஆண்டுகளில் மூட்டே தேய்ந்துவிடும்.

இனி, உங்களை வீழ்த்திய ஹோவர்போர்டும் அப்பா ஆசைப்படும் செக்வேயும். துடைப்பத்தை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி, அது சாயும் பக்கம் கையை நகர்த்தி விளையாடியிருப்பீர்கள். இந்த வண்டிகளின் மோட்டாரும் அதைத்தான் செய்கிறது: நீங்கள் சாயும் பக்கம் சக்கரத்தை ஓட்டி உங்கள் எடைக்கு அடியில் கொண்டுவருகிறது. ஏறும்போது பதறிக் கால்விரலை அழுத்தினால் பலகை முன்னே பாய்கிறது, உடல் பின்தங்குகிறது. ஹோவர்போர்டில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கிடையாது. செக்வேயில் உண்டு, ஆனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை போகும். பேட்டரி இறங்கும்போது ஆளைக் கீழே தள்ளிவிடலாம் என்று 2003இல் சுமார் 6,000 வண்டிகளை அந்த நிறுவனமே திரும்ப அழைத்தது.

அப்பாவுக்கு என் பதில், வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் மண்டைக்குள் ரத்தம் மெல்ல மெல்லக் கசியலாம்; அன்று சிரித்துப் பேசியவர் சில நாள் கழித்துக் குழறலாம். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், கசிவை முழுவதும் தடுக்காது. எதிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாலும், நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். தலைவலி, வாந்தி, மயக்கம் இருந்தால் கைபேசியில் 112.

காவடிக்கு வருவோம். முறிவு உறுதியானால் 6 முதல் 12 வாரம் கட்டு. அதைத் தைப்பூசத்துக்காக இடையில் பிரிக்காதீர்கள். விரதத்தைக் கைவிட வேண்டாம், நடையும் நடக்கலாம். காவடியை மட்டும் இவ்வாண்டு அக்காள் மகன் தோளில் ஏற்றுங்கள், பலகை அவனுடையதுதானே.