தீவில் இருக்கிறவர்களின் ஆஸ்பத்திரிக் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நெடுந்தீவிலிருந்து: அக்கா, மனைவிக்கு இது முதல் பிள்ளை. வலி வந்த பிறகு வெளிக்கிட்டால் காணாதா?

காணாது தம்பி. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பிறகு தரை வழியாக யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வரை போக வேணும். காற்று எழும்பினால் படகே ஓடாது. பிரசவத் திகதிக்கு முன்னமே கரையில் சொந்தக்காரர் வீட்டில் வந்து இருக்கட்டும். எப்போது வருவது என்று குடும்பநல மாது சொல்லுவா. பிரஷர் இருந்தால் இன்னும் முந்தி வர வேணும். தலையிடியோடு கண் மங்கினாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ அடுத்த நாள் படகு என்று இருக்காதீர்கள். வைத்தியம் இலவசம்தான். ஆனால் வீட்டை விட்டு வந்து தங்குகிற செலவும் இழக்கிற கூலியும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. கரையில் தாய்மாருக்கு ஒரு தங்குமிடம் வேணும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அனலைதீவிலிருந்து: அம்புலன்ஸுக்கு 1990 இலக்கத்துக்கு அடித்தால் வருவார்களா?

வடக்கில் அந்தச் சேவை 2018இல் தொடங்கியது, காசு இல்லை. ஆனால் வாகனம் கடல் தாண்டாது. முதலில் தீவு வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள். படகை அவர்கள் ஒழுங்கு செய்வார்கள். அவசரத்துக்குக் கடற்படைப் படகிலும் நோயாளரைக் கொண்டு வந்திருக்கிறார்கள். படகு இறங்குதுறையைத் தொடும்போது அம்புலன்ஸ் நிற்கும்படி முன்கூட்டியே அறிவிப்பது முக்கியம்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டலாமா?

வேண்டாம். கீறவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் வைத்து உடனே கொண்டு போங்கள். நித்திரையில் கடித்தால் சிலவேளை வலியே தெரியாது. விடிய வயிற்றுவலி, கண் இமை தொங்குதல் என்று வந்தால் பாம்புக்கடியையும் நினையுங்கள்.

புங்குடுதீவிலிருந்து: அம்மாவைப் புற்றுநோய்க்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. சிங்களப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள்.

கேட்கவே மனம் கொதிக்கிறது மகள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சத்திரசிகிச்சைக்கு ஒப்பம் கேட்டால், தமிழில் விளக்கின பிறகு போடுகிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். வார்டில் தமிழ் தெரிந்த ஒருவரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு வைத்திருங்கள். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பளையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிறது. மிச்சச் சிகிச்சையை அங்கே தொடரலாமா என்று அடுத்த முறை டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.