பயந்துகொண்டே வீடு கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் எங்களுக்கு ஐந்து லைன் வீடுகள் இருக்கின்றன. ஒன்று காலியாக இருந்தது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா தம்பதி கைக்குழந்தையோடு வந்து கேட்டார்கள். போன் நம்பரை வாங்கிக்கொண்டு, பிறகு 'வேறு ஆள் வந்தாச்சு' என்று பொய் சொல்லிவிட்டேன். போன வருடம் பக்கத்துத் தெருவில் நடந்த திருட்டில் ஒரு வட மாநிலப் பையன் பிடிபட்டான். அன்றிலிருந்து அவர்களைக் கண்டாலே பயம். ஒன்பதாவது படிக்கும் மகள், 'நீ செஞ்சது தப்பும்மா' என்கிறாள். பயப்படுவது தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: பயம் வந்தது தப்பில்லை சகோதரி. வீடு இல்லை என்று சொன்னது தப்பு. உங்கள் மகள் சரியாகத்தான் சொல்கிறாள்.

உள்ளூர்க்காரன் திருடினால் என்ன பேசுகிறோம்? 'அவன் எப்பவுமே சரியில்லை, குடிகாரன்' என்று அவனோடு முடித்துவிடுகிறோம். வெளியூர்க்காரன் திருடினால் அவன் மாநிலத்துக்கே பழி போகிறது.

இது மனம் போடும் தப்புக் கணக்கு. 1976-இல் டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'ஏ', 'பி' என்று இரண்டு குழுக்கள். ஊர், சாதி, நிறம் எதுவும் சொல்லவில்லை. ஏ குழுவினர் செய்ததாக 26 செயல்கள்: 18 நல்லவை, 8 கெட்டவை. பி குழுவுக்கு 13 மட்டும்: 9 நல்லவை, 4 கெட்டவை. கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே விகிதம்தான். ஆனால் இந்தச் செயல்களை வாசித்துப் பார்த்தவர்கள் பி குழுவின் கெட்ட செயல்களை இருந்ததைவிட அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அந்தக் குழுவையே மட்டமாக மதிப்பிட்டார்கள். சின்னக் குழு எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. கெட்ட செயலும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து வந்தால் பசுமரத்தாணிபோல் பதிந்துவிடுகிறது. முகமே இல்லாத ஒரு குழுவுக்கே இந்தக் கதி என்றால், வேறு மொழி பேசுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிற ஆயிரம் பேர் உங்கள் தெரு வழியாகத்தான் நடக்கிறார்கள். அதை யாரும் உங்களிடம் வந்து சொல்வதில்லை.

பயம் அந்தப் பக்கமும் இருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பலர் பயந்துபோனார்கள், பீகார் அரசு விசாரிக்கக் குழுவையே அனுப்பியது. எங்கோ நடந்த ஒன்றை வைத்து நம் எல்லோரையும் அவர்கள் எடைபோட்டபோது நமக்கு வலித்தது இல்லையா?

சரி, இப்போது என்ன செய்வது? பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது சொல்லிக்கொண்டு போகாது. வீடு இன்னும் காலியாக இருந்தால் இன்றே அவர்களுக்குப் போன் செய்யுங்கள். மற்ற நான்கு வீட்டுக்காரர்களிடம் கேட்ட அதே அட்வான்ஸ், அதே ஆதார் நகல், வேலை செய்யும் கம்பெனி விவரம். ஒரு ரூபாய்கூட அதிகம் வேண்டாம், ஒரு கேள்விகூடக் குறைய வேண்டாம். ஆளைப் பற்றி விசாரிப்பது உங்கள் உரிமை. ஊரைக் கேட்டதும் கதவைச் சாத்துவது பாகுபாடு.

அப்புறம் ஒன்று. ஒரே காம்பவுண்டில் குடியிருந்தால் மட்டும் பழக்கம் வந்துவிடாது. மேட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்து கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்துக்கொண்டவர்களிடம் அந்தப் பலன் இல்லை.

ஆகவே தண்ணீர் பிடிக்கும் முறை, மோட்டார் போடுவது, வாசல் கழுவுவது எல்லாவற்றிலும் அவர்களுக்கும் சம பங்கு கொடுங்கள். முறை வைக்கும்போது அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு, அவருக்கு எந்த நேரம் தோது என்று கேளுங்கள். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். மொழிதான் தயக்கம் என்றால் உங்கள் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவள் சமாளித்துக்கொள்வாள்.