பல்கலைக்கழகப் பணத்தில் தொழில் தொடங்கலாமா? லெஸ்டரிலிருந்து ஒரு பதில்

வணக்கம் தங்கச்சி. வயதில் மூத்தவள் என்பதால் ஒருமையிலேயே எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்து வந்திருக்கிறாய். மாதவிடாய் வலிக்குச் சூடு கொடுக்கிற பெல்ட் ஒன்றைச் செய்து விற்க ஆசை. உன் பல்கலைக்கழகம் மாணவர் தொழில்களுக்கு 5,000 பவுண்ட் வரை மானியம் தருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே வாடகை, குளிர், பகுதிநேர வேலை என்று நாலைந்து கேள்விகள். அதெல்லாம் ரூம்மேட்டைக் கேட்டாலே தெரிந்துவிடும். நான் மானியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தாராளமாக வாங்கு. ஆனால் எந்த விசாவில் இருக்கும்போது என்பதைப் பார்த்து வாங்கு. ஸ்டூடன்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்யக் கூடாது. வாரத்துக்கு 20 மணி நேரம் என்று சொல்வது இன்னொருவரிடம் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலையைத்தான். தோழிகளுக்கு நாலு பெல்ட் விற்றாலும், கம்பெனி பதிவு செய்து அதில் டைரக்டராக இருந்து வேலை பார்த்தாலும் நிபந்தனையை மீறியதாகிவிடும். மானியம் தருகிற பிரிவில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களிடம் வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் இந்த ஊர்க்காரர்கள், அதனால் விசா பற்றி அந்தப் பிரிவினர் தாங்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகத்தில் விசா ஆலோசகர் இருப்பார், காசு கிடையாது. அவரிடம் மின்னஞ்சலில் கேள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

யோசனையைச் செம்மைப்படுத்துவது, பெண்களிடம் பேசிப் பார்ப்பது இதெல்லாம் இப்போதே செய். விற்பனை மட்டும், படித்து முடித்தவர்கள் இங்கேயே தங்கி வேலை பார்க்கத் தருகிற கிராஜுவேட் விசா கைக்கு வந்த பிறகு. அதில் சொந்தத் தொழிலுக்குத் தடை இல்லை. முதுகலை முடித்தவர்களுக்கு அது 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். பல பல்கலைக்கழகங்கள் படித்து முடித்தவர்களுக்கும் சில வருடம் வரை மானியம் தருகின்றன. உன்னுடையது தருமா என்று விசாரித்துக்கொள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். "பல்கலைக்கழகம் பணம் கொடுத்தால் விசாவும் கிடைத்த மாதிரிதான்" என்று ஊரில் சில ஏஜென்ட்டுகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு ஸ்டார்ட்-அப் விசா இருந்தபோது பல்கலைக்கழகமே பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம். 2023 ஏப்ரலில் அந்த வழி மூடியாயிற்று. தொழில் தொடங்குபவர்களுக்கு இப்போது இருப்பது இன்னோவேட்டர் ஃபவுண்டர் என்ற விசா. அதற்கு அரசு அங்கீகரித்த தனி அமைப்புகளின் ஒப்புதல் வேண்டும், அதற்கே 1,000 பவுண்ட் கட்டணம். யோசனை புதியதா, நடக்கக்கூடியதா, பெரிதாக வளருமா என்று துருவுவார்கள். இதை மறைத்து லட்சக்கணக்கில் பணம் பிடுங்குகிற நம் ஆட்களை என்னால் மன்னிக்கவே முடியாது.

அடுத்தது, போட்டி மேடை. மானியம் கொடுக்கும் முன் பெரும்பாலும் மேடையேற்றிப் பேச வைப்பார்கள். பெல்ட்டுக்குள் நீ புதிதாக என்ன செய்திருக்கிறாய் என்பதை அங்கே விளக்கிவிட்டால், அதற்குப் பிறகு பிரிட்டனில் காப்புரிமை கிடைக்காது. விண்ணப்பிக்கும் முன் நீயே பொதுவில் வெளியிட்டாலும் புதுமை போய்விட்டது என்றுதான் சட்டம் பார்க்கும். வலியைப் பற்றிப் பேசு, பெண்கள் சொன்னதைப் பேசு. உள்ளே இருக்கும் வேலைப்பாட்டைக் காட்டாதே. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கேட்பவர்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு காட்டு.

பெட்டியில் "வலியைக் குறைக்கும்" என்று அச்சிட்டால் அது மருத்துவச் சாதனம் ஆகிவிடும். பிறகு மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ.வில் பதிவு, பாதுகாப்பு ஆவணங்கள் எல்லாம் வேண்டும். உன் பட்ஜெட்டில் முதலில் அதற்குப் பணம் ஒதுக்கு, லோகோ அப்புறம். பணம் தரும் கடிதத்தையும் முழுக்கப் படி. மானியமா, கடனா, கம்பெனியில் பங்கு கேட்கிறார்களா என்று பார். பேராசிரியரின் ஆய்வகத்தில் செய்த வேலை என்றால் கண்டுபிடிப்பு யாருடையது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்.

நான் 2010-ல் வந்தேன். அந்த டிசம்பர் குளிரில் ஹீட்டர் மீட்டருக்குக் காசு போட முடியாமல் கோட்டோடு படுத்திருக்கிறேன். பிசியோதெரபியில் முதுகலை முடித்து, படித்து முடித்தவர்களுக்கு அப்போதிருந்த போஸ்ட் ஸ்டடி வொர்க் விசாவுக்கு மாறியதும், படித்த பல்கலைக்கழகம் சிறு தொகை கொடுத்தது. அதில் ஒரு மடக்குக் கட்டிலும் இடுப்பெலும்பின் மாதிரி உருவம் ஒன்றும் வாங்கி, பிரசவமான பெண்களின் இடுப்புத்தளத் தசைகளுக்கு (சிறுநீரை அடக்கி வைக்க உதவுபவை) பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு 2012 ஏப்ரலில் அந்த விசாவே இல்லாமல் போனது.

இப்போது டாம்பன், பேடுக்கு வாட் வரி கூட இல்லை, 2021-ல் எடுத்துவிட்டார்கள். 2022-ல் பெண்கள் நலத்துக்கென்று இங்கிலாந்து அரசே தனித் திட்டம் போட்டது. ஆனால் நான் தொடங்கிய அன்று நம்மவர்கள் "இதையெல்லாம் போய்த் தொழிலாகச் செய்வாயா, வேறு வேலையே கிடைக்கவில்லையா" என்றார்கள். கோயிலில் என்னைப் பார்த்து முகம் திருப்பியவர்களும் உண்டு. நான் வெள்ளைக்காரப் பெண்களிடம் போனேன். அவர்களிடம் ஆங்கிலத்தில் நான் கூச்சமில்லாமல் பேசப் பழகியது எனக்குப் பெரிய பலம்.

பிறகுதான் ஒரு தமிழ் அக்கா வந்தார், மூன்று பிள்ளை பெற்றவர். பேச்சின் நடுவே தும்மல் வந்தது. சட்டென்று கால்களைப் பின்னிக்கொண்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தும்மினார். "பிள்ளை பெத்தா இப்படித்தான் இருக்கும்னு அம்மா சொன்னாங்க" என்றார். அந்த மாதிரி உருவத்தில் தசை எங்கே இருக்கிறது என்று காட்டி, மூச்சை விடும்போது எப்படி இறுக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். சில மாதத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடினேன் என்று சொல்லிச் சிரித்தார். அவர் அனுப்பி வைத்த பெண்களில், அன்று முகம் திருப்பியவர்களின் மருமகள்களும் இருந்தார்கள்.

உன் பெல்ட் பற்றிப் பெண்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமென்றால் சொல். என்னிடம் வருகிறவர்களில் பேச விருப்பமுள்ளவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன். விசா ஆலோசகரின் பதில் வந்ததும் எழுது.