ஃபயர்பாலைக் குறைத்தால் போதுமா?

கேள்வி: ஓசூரில் நண்பர்கள் நால்வருக்கு ஞாயிறு மாலைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் கதை ஆட்டத்தை ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளின்படி நடத்தி வருகிறேன். தகடூரை ஒத்த ஒரு கற்பனை நாடு. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக் காடு வழியாக ஒகேனக்கல் நோக்கிப் போகும் பயணம். அனைவரும் ஐந்தாம் நிலையை எட்டியதிலிருந்து மந்திரவாதியே எல்லாச் சண்டைகளையும் முடித்துவிடுகிறார். சென்ற வாரம் ஃப்ளை மந்திரத்தால் நாற்பது அடி உயரத்தில் பறந்துகொண்டே, வலை விரிக்கும் வெப் மந்திரத்தால் கொள்ளையரைக் கட்டிப்போட்டு, ஃபயர்பால் எனும் நெருப்புப் பந்து மந்திரம் ஒன்றிலேயே கதையை முடித்தார். போர்வீரனாக ஆடும் நண்பர், "இனி எனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்கிறார். ஃபயர்பாலின் சேதத்துக்கு உருட்டும் 8 பகடைகளை 6 ஆகக் குறைத்துவிடலாமா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. 2014 பதிப்பின் ஆட்ட நடத்துநர் கையேட்டில், புதிய மந்திரம் உருவாக்க விரும்புவோருக்காகத் தரப்பட்டுள்ள அட்டவணை, பலரைத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு 6 ஆறுமுகப் பகடைகளையே பரிந்துரைக்கிறது. அதே நிலையிலுள்ள ஃபயர்பாலோ 8 பகடைகளை உருட்டுகிறது. ஆனாலும் அதைக் குறைப்பதால் உங்கள் மேசையில் எதுவும் மாறாது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும்.

எட்டுப் பகடைகளின் சராசரி 28. எதிரிகளில் பாதிப் பேர் தப்புப் பகடையில் வென்று பாதிச் சேதத்தோடு நழுவுவதாகக் கொண்டால், தலைக்கு 21 ஆகும். ஒரு ஃபயர்பாலில் நால்வர் சிக்கினால் 84, இரண்டில் 168. நான்கு சுற்றுச் சண்டையில் எஞ்சிய இரண்டு சுற்றுக்கு, எத்தனை முறையும் எய்யக்கூடிய தீக்கணை மந்திரமான ஃபயர் போல்ட் எய்தால், இலக்கில் பட நூற்றுக்கு 65 வாய்ப்பில் சுற்றுக்கு ஏழு வீதம் சேர்ந்து மொத்தம் 182 வருகிறது. பெருவாள் ஏந்திய, வலிமை 18 உள்ள ஐந்தாம் நிலைப் போர்வீரன் ஒரு சுற்றில் இருமுறை வெட்டுகிறார். வெட்டுக்குச் சராசரி 11 என்பதால், அதே 65 வாய்ப்பில் சுற்றுக்குச் சற்றேறக்குறைய 14 சேதம். ஒரு சுற்றில் கூடுதலாக ஒருமுறை செயல்பட வைக்கும் ஆக்‌ஷன் சர்ஜையும் சேர்த்தால் அந்தச் சண்டையில் அவருக்குக் கிடைப்பது 71. இப்போது நீங்கள் சொன்னபடி பகடைகளை ஆறாகக் குறைத்துப் பாருங்கள்: மந்திரவாதியின் 182 என்பது 140 ஆகும், அவ்வளவுதான். அப்போதும் அவர் போர்வீரனைப்போல இருமடங்குக்கு அருகிலேயே நிற்கிறார். போர்வீரனுக்கு வேலையும் வரவில்லை, மந்திரவாதிக்கோ மனத்தாங்கல் மட்டும் மிஞ்சுகிறது.

கோளாறு மந்திரத்தில் இல்லை, ஆட்டத்துக்குள் ஓடும் நாளின் நீளத்தில் இருக்கிறது. ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒன்பது ஸ்பெல் ஸ்லாட்டுகள், அதாவது மந்திரம் இடும் வாய்ப்புகள். அவற்றில் மூன்றாம் நிலைக்குரியவை இரண்டுதான். ஷார்ட் ரெஸ்ட் எனும் சிறு ஓய்வு ஒன்றில் ஆர்கேன் ரிகவரி என்ற திறன் மூலம் இன்னொன்றை மீட்கலாம். நாள் முழுவதற்கும் பங்கிட்டுச் செலவழிக்க வேண்டிய இந்தச் சொத்தை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு சண்டை வைத்து, சண்டை முடிந்ததும் ஸ்லாட்டுகள் எல்லாம் மீளும் நீண்ட ஓய்வான லாங் ரெஸ்ட் கொடுத்து அனுப்பும் மேசையில் அவர் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறார். சம்பளம் வந்த அன்றே முழுவதையும் செலவழித்தாலும் மறுநாள் மீண்டும் சம்பளம் வரும் என்றால் யார்தான் சிக்கனம் பார்ப்பார்கள்? அதே கையேடு, ஒரு குழு ஒரு நாளுக்கு நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை தாங்கும் என்று எண்ணியே கணக்கிடப்பட்டது. மூன்று சுற்று வீதம் ஆறு சண்டைகளும், நடுவே இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டுகளும் வைத்துப் பார்த்தால், போர்வீரன் ஏறத்தாழ 300 சேதம் தருகிறார். மந்திரவாதி மூன்று ஃபயர்பால்களும் மற்றச் சுற்றுகளில் ஃபயர் போல்ட்டுமாகச் சேர்த்து 357 அளவில் நிற்கிறார். அதுவும் மூன்று முறையும் நால்வர் ஒன்றாகச் சிக்கினால்தான். சிறிய ஸ்லாட்டுகள் அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சேர்க்கும் என்றாலும், தம்மைக் காத்துக்கொள்ளவே அவற்றில் பாதி போய்விடும்.

மூன்று மணி நேர மாலையில் ஆறு சண்டை நடத்த முடியாது என்பது உண்மை, நடத்தவும் வேண்டாம். ஆட்டம் முடியும் நேரத்தையும் கதையில் நாள் முடியும் நேரத்தையும் ஒன்றாக்காமல் இருந்தால் போதும். ஞாயிறு இரவு கலையும்போது எஞ்சிய ஸ்லாட்டுகளையும் உயிர்ப்புள்ளிகளையும் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அஞ்செட்டிக் காட்டின் அதே பிற்பகலிலேயே தொடங்கட்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் லாங் ரெஸ்ட்டின் பயனைப் பெற முடியாது என்ற விதியையும் விடாமல் பிடியுங்கள்: காலை எழுந்து, பத்து மணிக்கு ஒரு சண்டை போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ள வழியில்லை. சிறுகுடில் எழுப்பும் டைனி ஹட் மந்திரம் இரவுப் பாதுகாப்பைத் தருகிறது, சடங்கு முறையில் இட்டால் ஸ்லாட்டும் செலவாவதில்லை. அதைத் தடை செய்யாதீர்கள். எட்டு மணி நேரத்தில் கலைந்துவிடும் குடிலைச் சுற்றிக் கொள்ளையர் கூடிக் காத்திருப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை, காவிரியில் வெள்ளம் ஏறி ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டம் நின்றுவிடும் என்ற அவசரத்தையும் எந்தக் குடிலும் தடுக்காது.

இதுவும் போதவில்லை என்றால், அதே கையேட்டில் உள்ள மாற்று விதி ஒன்று உண்டு: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். காட்டில் ஓர் இரவுத் தூக்கம் ஷார்ட் ரெஸ்ட், கோட்டைக்குள் ஒரு வாரத் தங்கல் லாங் ரெஸ்ட் என்று அமையும் இந்த முறை உங்கள் நெடும்பயணக் கதைக்குப் பொருந்தும். எட்டு மணி நேரம் நீடிக்கும் காப்பு மந்திரமான மேஜ் ஆர்மர் போன்றவை இதில் மிகவும் நலிந்துவிடும் என்பதால் அவற்றின் கால அளவை நீட்டிக்கொடுங்கள். மந்திரவாதியாக ஆடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் ஒப்புதலைப் பெறாமல் இதைத் தொடங்கவும் வேண்டாம்.

இனி, உங்கள் கடிதத்திலேயே ஒரு விடை ஒளிந்திருக்கிறது. ஃப்ளை, வெப் இரண்டுமே கான்சன்ட்ரேஷன், அதாவது இடைவிடாத மனக்குவிப்பு, தேவைப்படும் மந்திரங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே தாங்கிப் பிடிக்க முடியும். வெப் மந்திரத்தை இட்ட கணமே ஃப்ளை முடிந்து, மந்திரவாதி நாற்பது அடியிலிருந்து கீழே விழுந்திருக்க வேண்டும். பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் சராசரியாக 14 சேதம். உடல்திறன் 14 உள்ள ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு மொத்தமே 32 உயிர்ப்புள்ளிகள்தான் இருக்கும். அந்த வலையும் தீப்பட்டால் எரிந்துபோகும் வகை என்பதால், ஃபயர்பால் விழுந்த பிறகு எவரையும் பிடித்து வைத்திருக்காது. பறக்கும் மந்திரவாதியை அம்பு தாக்கும் ஒவ்வொரு முறையும், 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அதை எட்டும்படி, மனக்குவிப்பு கலையாதிருக்க அவர் பகடை உருட்ட வேண்டும். +2 உடல்திறனோடு உருட்டுபவர் தோற்கும் வாய்ப்பு ஓர் அம்புக்கு நூற்றுக்கு 35, இரண்டு அம்புக்கு 58. வில்லாளிகள் இருவரைப் பாறைமேல் நிறுத்தினாலே வானில் மிதப்பது துணிச்சலான முடிவாகிவிடும்.

எதிரிகளை நிறுத்தும் முறையும் முக்கியம். ஃபயர்பால் நாற்பது அடி விட்டமுள்ள வட்டத்தை நிரப்புகிறது. கொள்ளையர் அதற்கென்றே ஒரே இடத்தில் குவிந்து நிற்கத் தேவையில்லை. பாதையின் இரு பக்கமும், மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறி நிற்கட்டும். சிலர் உங்கள் போர்வீரனை நெருங்கி மோதினால், தோழனும் வட்டத்துக்குள் அகப்படுவாரே என்று மந்திரவாதி யோசிப்பார். யாரும் கையில் ஏந்தாத எரியக்கூடிய பொருள்கள் பற்றிக்கொள்ளும் என்பதால், கொள்ளையர் பதுக்கிய ஓலைச்சுவடிக் கட்டுகளும் சாம்பலாகும். ஆனால் எதிரிகள் அனைவரையும் தீயால் பாதிக்கப்படாதவர்களாக மாற்றுவது மலிவான தந்திரம். ஒரு முறைக்கு மேல் செய்தால் ஆடுபவர் அதைத் தண்டனையாகவே உணர்வார்.

சண்டைக்கு வெளியே உள்ள சமனின்மை வேறு வகை. ஓய்வு விதிகளால் அது தீராது. பூட்டைத் திறக்க ஒரு மந்திரம், மதிலைத் தாண்ட இன்னொன்று, கண்ணில் படாமல் போக மூன்றாவது என்று மந்திரவாதிக்கு ஒவ்வொரு தடைக்கும் விடை இருக்க, போர்வீரனிடம் வாள் மட்டுமே இருக்கிறது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு எல்லா வகையினருக்கும் ஒரே அமைப்பில் திறன்களைக் கொடுத்துச் சமன் செய்ய முயன்றது. எல்லாரும் ஒரே மாதிரி ஆடுவதாகப் பலர் அலுத்துக்கொண்டனர். பழைய விதிகளில் ஒன்பதாம் நிலைப் போர்வீரனுக்குக் கோட்டையும் படையாட்களும் கிடைத்தன என்பதே எனக்கு நல்ல வழியாகத் தோன்றுகிறது. தருமபுரிப் பகுதியில் ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களுக்கு நடுகல் நட்ட மண்ணில் உங்கள் கதை நடக்கிறது. போர்வீரன் ஓர் ஊரின் மாடுகளை மீட்டுக் கொடுத்தால், அந்த ஊர் அவருக்கு வழிகாட்டிகளையும் தங்குமிடத்தையும் ஈட்டிக்காரர் பத்துப் பேரையும் தரட்டும். அதியமானைப் போன்ற தலைவன் அவையில் அவர் சொல்லுக்கே முதலிடம் இருக்கட்டும். மந்திரவாதியின் எந்த ஸ்லாட்டாலும் அவற்றை வாங்க முடியாது.

அடுத்த ஞாயிறு கான்சன்ட்ரேஷன் விதியைச் சரியாகப் பின்பற்றி, கதையின் ஒரே நாளை இரண்டு வார ஆட்டத்துக்கு நீட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. தேவைப்பட்டால் ஏழு நாள் ஓய்வு விதியை எடுங்கள். ஃபயர்பாலின் பகடைகள் எட்டாகவே இருக்கட்டும்.