உட்கருவுக்குள் யார் துணையோடு?

கேள்வி: ஐயா, விந்தணு முதிரும்போது உட்கருவில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் வெளியேறி, அந்த இடத்தை டிஎன்ஏவை இன்னும் இறுக்கும் புரோட்டமின் புரதங்கள் பிடிப்பதாகப் படித்தோம். புரதங்கள் உட்கருவுக்கு வெளியேதானே உருவாகின்றன? எப்படி உள்ளே போகின்றன?
— விலங்கியல் மாணவி, மண்டபம்

பதில்: கீழக்கரையில் நான் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்கள் பலரும் கேட்காமல் தாண்டிய இடம் இது, மகளே. நீ கேட்டதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

உட்கருவின் இரட்டைச் சவ்வில் நுண்துளைகள் உண்டு. மிகச் சிறிய புரதங்கள் தாமாகவே அவற்றைக் கடக்கும். பெரியவற்றுக்கு இம்போர்ட்டின் என்னும் துணைப் புரதம் வேண்டும். பாம்பன் கால்வாயைக் கடக்கும் கப்பலில் பைலட் ஏறிக்கொள்வதுபோல, அது சரக்குப் புரதத்தோடு சேர்ந்து துளையைக் கடத்திவிடுகிறது. சரக்குப் புரதத்தில் லைசின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுந்த ஒரு சிறு பகுதிதான் இம்போர்ட்டினுக்கு அடையாளம். உள்ளே ரான் என்ற புரதம் இம்போர்ட்டினைப் பற்றியதும் சரக்கு கழன்றுகொள்ளும்.

பாலூட்டிகளின் விந்தணுவில் ஹிஸ்டோன் போய் உடனே புரோட்டமின் வந்துவிடுவதில்லை. நடுவே இடைமாற்றப் புரதங்கள் வருகின்றன. அவற்றில் டிஎன்பி2 என்பதை உட்கருவுக்குள் கொண்டுபோவதில் இம்போர்ட்டின்-4க்குப் பங்கு உண்டு என்று 2008இல் காட்டியவர்கள், பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தின் எம்.ஆர்.எஸ். ராவ் குழுவினர். நம் பாடநூல்களில் இது இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விந்தணு வளர்ச்சியின் கட்டத்துக்குக் கட்டம் மிகுந்திருக்கும் இம்போர்ட்டின் வகைகளும் மாறுகின்றன.

வழியைவிட நேரம் முக்கியம். புரோட்டமின் டிஎன்ஏவை இறுக்கிக் கட்டிவிடும். அதன்பின் மரபணுக்கள் பேசாது. 1995இல் சுண்டெலிகளில் புரோட்டமினை முன்கூட்டியே உருவாகச் செய்தபோது உட்கரு அகாலத்தில் இறுகி, விந்தணு வளர்ச்சி தடைப்பட்டது. ஆகவே புரோட்டமினுக்கான செய்தியை ஏந்தும் ஆர்என்ஏ பல நாட்கள் காத்திருந்துதான் புரதமாகிறது.

மீன்களிலும் இதைப் பார்க்கலாம். புரோட்டமினை 1874இல் சுவிஸ் அறிவியலாளர் மீஷர் கண்டெடுத்ததே ரைன் ஆற்று சால்மனிலிருந்துதான். நம் சூடைக்கு உறவான ஹெர்ரிங்கிலும் அது உண்டு. எல்லா மீனிலும் இல்லை; கெண்டையின் விந்தணுவில் ஹிஸ்டோன்களே தங்கிவிடுகின்றன.

இந்த வேறுபாட்டை நீயே பார்க்கலாம். அனிலின் நீலச் சாயம் ஹிஸ்டோன் மிகுந்த விந்தணுத் தலையில் நன்றாக ஏறும், புரோட்டமின் நிறைந்த தலையில் ஏறாது. ஆசிரியரின் துணையோடு கெண்டையின் விந்தணுவையும், கறிக்கடையில் கிடைக்கும் கிடாயின் எபிடிடிமிஸிலிருந்து (விரையை ஒட்டி, விந்தணு முதிர்ந்து தங்கும் குழாய்) எடுத்த விந்தணுவையும் அருகருகே சாயமிட்டுப் பார். கண்டதை எனக்கு எழுது.