அம்மா பார்த்த ராணி

வணக்கம் அக்கா. அணு உலை விபத்தைப் பற்றிய ‘செர்னோபில்’ தொடரைப் பார்த்து, கடைசியில் அந்த நீதிமன்றக் காட்சியில் அழுதும்விட்டேன். பிறகு அதோடு வந்த பொட்காஸ்டைக் கேட்டால், எழுதியவரே எதையெல்லாம் மாற்றினேன் என்று சொல்கிறார். இது ஏமாற்றுத்தானே? நேரமில்லாததால் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்டேன். எலிசபெத் ராணியைப் பற்றிய ‘தி கிரவுன்’ தொடரின் பொட்காஸ்டும் கேட்கலாமா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

கிரவுன் பொட்காஸ்டைத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ‘ஏமாற்று’ என்று எழுதினீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஏமாற்றுகிறவன் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து தன் வாயால் சொல்வானா? தொடரில் வரும் உலானா கொம்யுக் என்று ஒரு விஞ்ஞானி இருந்ததே இல்லை, பல பேரைச் சேர்த்துச் செய்த ஒரு ஆள். நீங்கள் அழுத அந்த 1987 விசாரணையில், தொடரின் நாயகனான விஞ்ஞானி லெகாசோவ் கலந்துகொள்ளவே இல்லை. தொடரை எழுதிய கிரெய்க் மேசின் சும்மா இருந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் இது தெரிந்திருக்குமா?

1954 ஏப்ரலில் எலிசபெத் ராணி கொழும்புக்கு வந்தபோது என் அம்மாவுக்கு ஒன்பது வயது. முடிசூட்டு விழாவில் போட்ட அதே கவுனோடுதான் ராணி இங்கேயும் நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்தார். அம்மா அதைக் கண்ணால் கண்டதாகச் சொல்வார். தாத்தா தோளில் தூக்கி வைத்திருந்தாராம், அவர் தலையில் நல்லெண்ணெய் வாசமாம், கவுனில் இலங்கைக்கென்று தைத்திருந்த தாமரைப்பூ வெயிலில் மின்னியதாம். நாங்கள் சின்ன வயதில் இதை எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்போம்! தாமரைப்பூ அந்தக் கவுனில் இருந்தது உண்மைதான். ஆனால் வீதியோரத்தில் நின்ற ஒரு பிள்ளையின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மாவின் அந்தியேட்டி அன்று, வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா சொன்னார்: “அவள் எங்க பார்த்தவள்? கொப்புளிப்பான் வந்து வேப்பிலைக்குள்ள படுத்துக் கிடந்தவள். பிறகு ஐயா தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போய் நியூஸ் ரீலிலதான் காட்டினவர்.”

அம்மா பொய் சொல்லவில்லை. திரையில் பார்த்தது உள்ளே போய், தாத்தாவின் எண்ணெய் வாசத்தையும் ஒட்டிக்கொண்டு, நினைவாகவே ஆகிவிட்டது. ஒரு நியூஸ் ரீல் இவ்வளவு செய்யுமென்றால், நல்ல நடிகர்களை வைத்து ஐந்து மணித்தியாலத்துக்கும் மேல் எடுத்த தொடர் என்ன செய்யாது? லெகாசோவ் அந்த மண்டபத்தில் நின்று பேசியதைத் தாங்களே பார்த்தது போல எத்தனை பேர் மனதில் வைத்திருப்பார்கள்! அதனால்தான் சொல்கிறேன், சரித்திரத்தை எடுத்துக் கதை பண்ணுகிறவருக்குக் கணக்குக் காட்டும் கடமை இருக்கிறது. நம் தமிழ்ச் சரித்திரத் தொடர்களில் எது கல்வெட்டில் இருப்பது, எது எழுதியவர் சேர்த்தது என்று யாராவது உட்கார்ந்து சொன்னால் நான் முதல் ஆளாகக் கேட்பேன்.

பெரியம்மா சொன்ன பிறகு எனக்கு அம்மாவை இன்னும் கூடத்தான் பிடித்தது. காய்ச்சலில் கிடந்து, ஊரே பார்த்த ராணியைத் தான் பார்க்கவில்லையே என்று ஏங்கிய பிள்ளை அது.

அப்புறம், அந்த ஒன்றரை மடங்கு வேகம். ஒருவர் தான் மாற்றியதை ஒப்புக்கொள்கிறார், நீங்கள் அவரை விரட்டுகிறீர்களா? அந்த நீதிமன்றக் காட்சியைப் பற்றிய ஐந்தாவது பகுதியை மட்டுமாவது அவர் பேசுகிற வேகத்திலேயே திரும்பக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.