சிம்பன்சியைவிட இரண்டு வயதுக் குழந்தை புத்திசாலியா?

எதில் என்று கேட்க வேண்டும். 2007-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேர், சிம்பன்சிகள் 106, ஒராங்குட்டான்கள் 32 என எல்லோருக்கும் ஒரே சோதனைகளை வைத்தார்கள். ஒளித்த பொருளைத் தேடுவது, எது அதிகம் என்று கணிப்பது போன்றவற்றில் குழந்தையும் சிம்பன்சியும் ஏறக்குறைய சமம். குச்சியால் எட்டி இழுப்பதில் சிம்பன்சி ஒரு படி மேலே. ஆனால் பிறர் செய்வதைப் பார்த்துக் கற்பதிலும் சைகையைப் புரிந்துகொள்வதிலும் குழந்தைகள் வெகுதூரம் முன்னே.

ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பாருங்கள். மதில்மேல் காகத்தைச் சுட்டிக்காட்டும். உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். காகம் வேண்டும் என்று கேட்கவில்லை, 'நீயும் பாரேன்' என்கிறது. மனிதரிடம் வளரும் சிம்பன்சியும் கை நீட்டும், பெரும்பாலும் பழம் கேட்டுத்தான். என் பார்வையில் எல்லா வேறுபாட்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நாய்தான் இதில் ஆச்சரியம்! கவிழ்த்த இரண்டு கிண்ணங்களில் உணவு ஒளித்த ஒன்றை நாம் விரலால் காட்டினால், சிம்பன்சி தடுமாறும்; சில மாத நாய்க்குட்டியோ நேராக அதனிடம் ஓடும்.